தூக்கு கேட்பவர்கள் அந்த அரைப் பக்கத்தையும் படியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொஞ்ச நாளாக உங்கள் வாசகர் கடிதப் பகுதியைத் திறந்தாலே தூக்குக் கயிறுதான். ‘குற்றவாளியை முப்பது நாளில் தூக்கில் போடு’, ‘கருணை மனு என்பதையே சட்டத்திலிருந்து எடுத்துவிடு’, ‘கொலைகாரனுக்கு எங்கள் வரிப்பணத்தில் எதற்குச் சோறு’ என்று ஆள் மாற்றி ஆள் எழுதுகிறார்கள். போன வாரம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு வாசகர், ‘கோர்ட்டில் வேலை பார்த்தவர்கள் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லட்டும், தூக்கு வேண்டாம் என்று அவர்களால் சொல்ல முடியுமா?’ என்று கேட்டிருந்தார். நான் கோர்ட்டில் வேலை பார்த்தவள். என்னால் சொல்ல முடியும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, இடம் கொடுங்கள்.

சேலத்து நீதிமன்றங்களில் சுருக்கெழுத்துத் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றேன். நீதிபதி சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்து, தட்டச்சு செய்து, அவர் திருத்தியதை மறுபடி தட்டச்சு செய்து தீர்ப்பாக்கிக் கொடுப்பது வேலை. அமர்வு நீதிமன்றத்தில் இருந்த வருடங்களில் கொலை வழக்குகள்தான் அதிகம். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் கூண்டில் நின்று காயங்களை வரிசையாகச் சொல்வார். நீளம், அகலம், ஆழம் எல்லாம் சென்டிமீட்டரில். குழந்தையின் உடம்பில் இருந்த காயங்களையும் அப்படித்தான் சொல்வார். அதை எழுதி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் நான் குழம்பு வைத்தாக வேண்டும். ஆகவே, கொலை என்றால் என்னவென்று தெரியாதவள் இரக்கம் பேசுகிறாள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

‘தூக்குத் தண்டனை எழுதினால் ஜட்ஜ் பேனா முனையை உடைத்துவிடுவாராமே?’ என்று என்னிடம் கேட்காத சொந்தக்காரர் கிடையாது. தீர்ப்பில் அதைவிட முக்கியமான ஓர் இடம் இருக்கிறது. அதைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. எதிரி (குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் அப்படித்தான் சொல்வோம்) குற்றவாளி என்று முடிவான பிறகு, என்ன தண்டனை என்று அறிவிப்பதற்கு முன், நீதிபதி அவரிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: தண்டனை குறித்து என்ன சொல்கிறீர்கள்? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 235ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 258.

சும்மா மரியாதைக்குக் கேட்கிற கேள்வியாக அதைச் சட்டம் வைக்கவில்லை. தூக்கு கொடுப்பதானால் அதற்கான சிறப்புக் காரணங்களை எழுத வேண்டும் என்று 1973ஆம் வருடச் சட்டமே சொல்லிவிட்டது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆயுள் தண்டனைதான் விதி, தூக்கு விதிவிலக்கு, அரிதினும் அரிதான வழக்கில் மட்டுமே அதைக் கொடுக்கலாம் என்றது. நாம் எல்லோரும் அந்த ‘அரிதினும் அரிது’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டோம். டீக்கடையில்கூட அதைச் சொல்கிறார்கள். அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: குற்றத்தை மட்டும் பார்த்தால் போதாது, குற்றம் செய்த ஆளையும் பார்க்க வேண்டும், அவன் திருந்த வழியே இல்லை என்பதை அரசுத் தரப்புதான் சாட்சியத்தோடு காட்ட வேண்டும்.

அந்தக் கேள்விக்கான பதில் எங்கள் வழக்குக் கட்டில், அதாவது வழக்கின் காகிதங்கள் எல்லாம் சேர்ந்த கோப்பில், எப்படி இருக்கும் தெரியுமா? ‘எதிரி, தனக்கு வயதான தாயார் இருப்பதாகவும், அவரைக் கவனிக்க வேறு யாரும் இல்லை என்றும், ஆகவே குறைந்தபட்சத் தண்டனை வழங்குமாறும் கேட்டுக்கொண்டார்.’ டைப்ரைட்டர் காலத்தில் இந்த வாக்கியம் என் விரலிலேயே இருந்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகு தனியாக ஒரு ஃபைலில் போட்டு வைத்துக்கொண்டோம். தாயார் என்கிற இடத்தில் மனைவி, கைக்குழந்தை என்று மாற்றினால் போதும். கத்தியின் நீளத்துக்கும் ரத்தக் கறை படிந்த மண்ணுக்கும் செல்போன் கோபுரத்துக்கும் நூறு பக்கம் எழுதுகிற தீர்ப்பில், ஒரு மனிதன் எங்கே பிறந்தான், யார் வளர்த்தார்கள், என்ன நோய், எங்கே அடிபட்டான், யாருக்காவது நல்லது செய்திருக்கிறானா என்பதெல்லாம் சேர்ந்து அரைப் பக்கம்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். பழையது. சம்பந்தப்பட்டவர்களுக்குச் சங்கடம் வரக் கூடாது என்பதால் பெயர், ஊர், வருடம் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். ஏற்காட்டு மலையில் ஒரு காபித் தோட்டம். மிளகுப் பறிப்புக் காலம். களத்தில் காய்ந்த மிளகுக்குக் காவல் இருந்த பெரியவரை இரவில் அடித்துக் கொன்றுவிட்டு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். காபி கைவிட்ட வருடத்திலும் மிளகு காப்பாற்றும் என்பார்கள் அங்கே. என் அப்பா ஏற்காட்டில் ஒரு தோட்டத்தில் ரைட்டராக இருந்தவர். சில்வர் ஓக் மரத்தில் கொடியை ஏற்றிவிட்டு, அது காய்க்கும்வரை வருடக்கணக்கில் காத்திருக்கிறவர்களைச் சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். சாகும்போது அந்தப் பெரியவரிடம் இருந்தது ஒரு டார்ச் லைட்டும் போர்த்தியிருந்த கம்பளியும். எதிரிகள் இரண்டு பேர். முதல் எதிரி மலைக்கிராமத்துப் பையன், இருபது இருபத்திரண்டு வயது இருக்கும்.

கம்பளி சான்றுப் பொருளாகக் கோர்ட்டுக்கு வந்தது. பெரியவரின் மனைவி கூண்டில் ஏறினார். இது உங்கள் கணவருடையதா? ஆமாங்க. அன்றைக்கு இதைத்தான் போர்த்திக்கொண்டு போனாரா? ஆமாங்க. குறுக்கு விசாரணை இல்லை. இறங்கிப் போய்விட்டார். புருஷனைப் பறிகொடுத்த அந்த அம்மாவுக்கு அந்த வழக்கு முழுவதிலும் கிடைத்த பேச்சு அவ்வளவுதான்.

தீர்ப்பு நாள் காலையில் இருவரும் குற்றவாளிகள் என்று அறிவிப்பு. தண்டனை மதியத்துக்கு மேல். சாப்பாட்டு இடைவேளையில் நான் வெளியே வந்தபோது மரத்தடியில் அந்தப் பையனின் அம்மா உட்கார்ந்திருந்தார். முதல் பஸ் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரம், கோரிமேடு என்று வந்திருக்கிறார். மகன் அடைபட்டிருக்கும் மத்தியச் சிறை உள்ள அஸ்தம்பட்டி வழியாகத்தான் அந்த பஸ் வரும். நான் மலையில் வளர்ந்தவள் என்பது பேச்சில் தெரிந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பையனுக்குப் பதினொரு வயதில் ஏஜெண்ட் ஒருவர் முன்பணம் கொடுத்து ரிக் வண்டி வேலைக்கு, அதுதான் போர்வெல் லாரிக்கு, வடக்கே கூட்டிப்போயிருக்கிறார். இரண்டாவது வருடம் இரும்புப் பைப் தலையில் விழுந்திருக்கிறது. கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அப்புறம் வலிப்பு. ‘அங்க போய்ட்டு வந்ததுலருந்து அது பழைய புள்ள இல்ல கண்ணு. நாலு நாளு நல்லாருக்கும், அஞ்சாம் நாளு யாரு என்ன சொன்னாலும் கூடவே போயிரும்’ என்றார். மஞ்சப் பையிலிருந்து ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக் காட்டினார். மடிப்பெல்லாம் கிழிந்து, மை ஓடி, தேதிகூடத் தெரியவில்லை.

சட்ட உதவியில் நியமிக்கப்பட்ட வக்கீலிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர். அவருக்கே அப்போதுதான் தெரிகிறது. ‘சாட்சியம் முடிந்துபோச்சேம்மா. அந்த டாக்டரைக் கூப்பிட்டு வந்து நிரூபிக்கணும். அதுக்கு அந்த மாநிலத்துக்கே யாராவது போய் வரணும்’ என்றார். இந்த வழக்குக்கு அவருக்குக் கிடைக்கும் கட்டணம் அந்தப் பயணச் செலவுக்குக் காணாது. இருந்தாலும் மதியம் எழுந்து, பையன் தலையில் அடிபட்டவன் என்று ஆரம்பித்தார். ஆவணம் இல்லை என்று அரசு வழக்கறிஞர் ஆட்சேபித்தார். ஆதாயத்துக்காக முதியவரைக் கொன்ற வழக்கு, அதிகபட்சத் தண்டனை வேண்டும் என்றும் கேட்டார். பையனிடம் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ‘எங்கம்மா மட்டுந்தாங்க இருக்குது. பார்த்துச் செய்யுங்க’ என்றான். வழக்கமான வாக்கியம் கட்டில் ஏறியது. போர்வெல் லாரி ஏறவில்லை. தலைக்காயம் ஏறவில்லை.

நீதிபதி ஆயுள் தண்டனை கொடுத்தார். அரசு வழக்கறிஞர் கேட்டபடி தூக்கு கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தூக்குத் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டும். கட்டு முழுவதும் சென்னைக்குப் போகும். அங்கே படிப்பது இந்தக் கட்டைத்தான். டெல்லியில் உச்ச நீதிமன்றம் படிப்பதும் இதைத்தான். கருணை மனுவோடு மேலே போவதும் இதிலிருந்து எடுத்த சுருக்கம்தான். வழியில் யாராவது ஒருவர் மெனக்கெட்டுத் தேடிப்போனால் உண்டு. இல்லாவிட்டால் அந்த மலைக்கிராமத்தில் போய் அந்த அம்மாவிடம் ‘உங்கள் மகன் யார்?’ என்று கேட்க ஆள் கிடையாது. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் நாடு முழுக்கத் தூக்குக் கைதிகளைச் சந்தித்து 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. காசுள்ளவன் வீட்டுத் தலைக்காயத்துக்கு ஸ்கேன் இருக்கும்.

தீர்ப்பு முடிந்து வெளியே வந்தபோது பெரியவரின் மனைவியிடம் யாரோ, ‘தூக்கு குடுத்திருக்கணும் இல்லம்மா?’ என்று கேட்டார்கள். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. ‘கம்பளிய எப்பங்க குடுப்பாங்க?’ என்று கேட்டார். மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பிறகு சான்றுப் பொருட்களை அழித்துவிட உத்தரவு என்று சற்று முன்னால் நான்தான் தட்டச்சு செய்திருந்தேன். ‘கொலைகாரனுக்குப் பரிந்து பேசுகிறீர்களே, செத்தவன் குடும்பத்துக்கு யார்?’ என்று கேட்கும் அன்பர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த அம்மாவுக்காகவும்தான் பேசுகிறேன். பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டில் 2013இலேயே வந்துவிட்டது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்க வேண்டும். கொலையானவர்களின் குடும்பத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தூக்கு கேட்டுக் கடிதம் எழுதுகிற அன்பர்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இதைச் சொல்லி, கூடப்போய் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் அது எவ்வளவு பெரிய உதவி!

நான் பார்த்தது சேலத்து வழக்கம் மட்டும்தானோ என்று நினைத்ததுண்டு. உச்ச நீதிமன்றமே பிறகு சொன்னதைப் படித்தபோது வயிறு கலங்கியது. 2009இல் சந்தோஷ் பாரியார் வழக்கில், தான் முன்பு கொடுத்த சில தூக்குத் தீர்ப்புகள் பச்சன் சிங் சொன்னபடி குற்றவாளியின் சூழ்நிலையைப் பார்க்காமல், குற்றத்தின் கொடூரத்தை மட்டும் வைத்துக் கொடுக்கப்பட்டவை, சட்டப்படி தவறானவை என்று அது ஒப்புக்கொண்டது. அவற்றுள் ஒன்று ராஜஸ்தானைச் சேர்ந்த ராவ்ஜி என்பவரின் வழக்கு. அவரை 1996 மே மாதமே தூக்கில் போட்டுவிட்டார்கள். 2012இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் பதினான்கு பேர் இந்தத் தவறைச் சுட்டிக்காட்டிக் குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள். மிச்சம் இருந்தவர்களைக் காப்பாற்றத்தான் எழுத முடிந்தது.

2022 மே மாதம் மனோஜ் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், விசாரணை நீதிமன்றத்திலேயே கைதியின் குடும்பம், வளர்ப்பு, மனநலம், சிறையில் நடத்தை பற்றியெல்லாம் அறிக்கை வாங்க வேண்டும், அரசுத் தரப்பும் அதைச் சேகரித்துத் தர வேண்டும் என்று சொன்னது. படித்தவுடன் எனக்கு அந்த மஞ்சப் பை நினைவுக்கு வந்தது. அதே வருடம் செப்டம்பரில், தண்டனை குறித்துச் சொல்ல எதிரிக்கு உண்மையான வாய்ப்பு எப்படித் தருவது என்பதையே ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்மானிக்கட்டும் என்று அனுப்பியது. பச்சன் சிங் தீர்ப்புக்கு 42 வருடம் கழித்து! அதற்கிடையில் தூக்கில் தொங்கியவர்களை எந்த முறையில் எடைபோட்டோம்?

ஹர்பன்ஸ் சிங் வழக்கையும் சொல்லியாக வேண்டும். ஒரே கொலை வழக்கு, மூன்று பேருக்கும் தூக்கு. மூவரின் மேல்முறையீடும் தனித்தனியாக வெவ்வேறு அமர்வுகளுக்குப் போயின. ஒருவரின் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. ஒருவரை 1981 அக்டோபர் 6 அன்று தூக்கிலிட்டார்கள். அதே நாளில் தூக்கிலிடப்பட வேண்டிய ஹர்பன்ஸ் சிங் கடைசி நேரத்தில் மனுப்போட்டுத் தடை வாங்கினார். அப்போதுதான் இந்த முரண்பாடே உச்ச நீதிமன்றத்தின் கண்ணில் பட்டது. ஒரே குற்றம், ஒரே சாட்சியம். கட்டு எந்த மேசையில் போய் விழுந்தது என்பதில்தான் உயிர் இருந்திருக்கிறது.

எழுதப்படாமல் போவது ஆளைக் கொல்லும் என்பதற்கு நம் தமிழ்நாட்டு உதாரணம் எல்லோருக்கும் தெரியும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன், ஓய்வு பெற்ற பிறகு 2013இல் வெளிப்படையாகச் சொன்னார்: குண்டில் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட பேட்டரியை எதற்காக வாங்கச் சொன்னார்கள் என்று தனக்குத் தெரியாது என பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தான் எழுதவில்லை என்று. சொன்னதைச் சொன்னபடி எழுதுவதையே வாழ்க்கையாகக் கொண்டவள் நான். அந்தச் செய்தியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2011 செப்டம்பர் 9 என்று பேரறிவாளன் உள்பட மூன்று பேருக்குத் தூக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. அந்தத் தடை வந்திருக்காவிட்டால் அதிகாரி உண்மை பேசும்போது கேட்பதற்கு ஆள் இருந்திருக்க மாட்டார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஸ்ரீபெரும்புதூரில் அன்று செத்துப்போன காவலர்களின் குடும்பங்களை நான் மறக்கவில்லை. உண்மை முழுவதும் எழுதப்படுவது அவர்களுக்கும் செய்யும் மரியாதை.

‘முப்பது நாளில் தூக்கு’ என்பவர்களுக்கு: 2017இல் சென்னை முகலிவாக்கத்தில் ஒரு சிறுமியைச் சிதைத்துக் கொன்ற வழக்கில், அடுத்த வருடமே செங்கல்பட்டு நீதிமன்றம் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றமும் சில மாதங்களில் உறுதி செய்தது. இப்படித்தான் வேகமாக நடக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் பாராட்டினோம். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், எதிரிக்குத் தற்காத்துக்கொள்ளப் போதிய வாய்ப்பு தரப்படவில்லை, சாட்சியச் சங்கிலியும் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி விடுதலை செய்துவிட்டது. அந்தப் பெற்றோரை நினைத்துப் பாருங்கள். எட்டு வருடம் கழித்து, தங்கள் குழந்தையைக் கொன்றது யார் என்பதற்கே சட்டத்தில் பதில் இல்லாமல் நிற்கிறார்கள். அவசரம் அவர்களுக்கு என்ன கொடுத்தது?

குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களைப் பற்றி நான் பார்த்த இன்னொன்று. பன்னிரண்டு வயதுக்குக் கீழுள்ள சிறுமியை வன்புணர்வு செய்தால் தூக்குவரை போகலாம் என்று 2018இல் சட்டம் வந்தது. 2019இல் போக்சோ சட்டத்திலும் தூக்கைச் சேர்த்தார்கள். இந்தக் குற்றங்களில் எதிரி பெரும்பாலும் வெளி ஆள் கிடையாது. சித்தப்பா, தாய்மாமன், மாடிவீட்டுத் தாத்தா. ஒரு வழக்கில் பாட்டி வராந்தாவில் உட்கார்ந்து மகளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, ‘உன் தம்பியத் தூக்குல போட்ருவாங்களாம், புள்ளைகிட்ட ஒண்ணும் நடக்கலன்னு சொல்லச் சொல்லு’ என்று அழுதுகொண்டிருந்தார். அந்தக் குழந்தை உள்ளே வந்து ஒன்றும் நடக்கவில்லை என்றது. அம்மாவும் பிறழ் சாட்சி ஆனார். எதிரி விடுதலை, மறுபடி அதே வீடு. பத்து வருடம், இருபது வருடம் ஜெயில் என்றிருந்தால் அந்தப் பாட்டி என்ன செய்திருப்பார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அன்று அவர் வாயிலிருந்து வந்தது தூக்கு என்கிற பயம். நாம் குற்றவாளிக்கு என்று மாட்டிய கயிறு குழந்தையின் வாயைக் கட்டியதை நான் கண்ணால் பார்த்தேன்.

தூக்கு என்றால் பயம் வரும், கொலை குறையும் என்கிறார்கள். தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கு நிறைவேற்றப்பட்டது நம் சேலம் மத்தியச் சிறையில்தான். 1995 ஏப்ரல் 27, ஆட்டோ சங்கர். ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. அந்தக் கோடை விடுமுறை முடிந்து கோர்ட் திறந்தபோது வந்த கட்டுகளில் ஒரு வித்தியாசத்தையும் நான் பார்க்கவில்லை. குடித்துவிட்டு வெட்டியவன், வரப்புத் தகராறில் வெட்டியவன், சந்தேகத்தில் மனைவியை எரித்தவன். இவர்களில் எவன் அந்த நொடியில் நம் ஊர் ஜெயிலை நினைத்திருப்பான்?

இனி தருமபுரி பஸ் எரிப்பு. சேலத்துக்காரர்கள் யாரிடம் தூக்கு வேண்டாம் என்றாலும் உடனே இதைத்தான் எடுப்பார்கள். எடுப்பதில் நியாயம் இருக்கிறது. 2000 பிப்ரவரி 2 அன்று இலக்கியம்பட்டியில், கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் கல்விச் சுற்றுலா வந்த பஸ்ஸிலேயே எரிந்து போனார்கள். சாட்சிகள் பிறழ்ந்து, வழக்கு சேலத்துக்கு மாற்றப்பட்டு, 2007இல் நம் ஊர் நீதிமன்றம் மூன்று பேருக்குத் தூக்கு விதித்தது. உச்ச நீதிமன்றம் 2010இல் உறுதி செய்தது. 2016இல் அதே நீதிமன்றம், கும்பல் வெறியில் நடந்தது, முன்கூட்டித் திட்டமிட்டதாக இல்லை என்று ஆயுளாகக் குறைத்தது. 2018இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டிய முன்விடுதலையில் அவர்கள் வெளியே வந்தார்கள். அன்று அந்தப் பெற்றோர் அடைந்த வேதனை முழுக்க நியாயம். எனக்கும் அன்று கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் முன்விடுதலை செய்கிற அரசு. ஆயுள் தண்டனை என்று நீதிமன்றம் சொன்னதற்குப் பொருள் இருக்க வேண்டும் என்று கேட்போம். அதற்கு வழியும் இருக்கிறது. இத்தனை வருடத்துக்குத் தண்டனைக் குறைப்பே கிடையாது என்று உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் விதிக்கலாம் என்பதை 2015இல் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. ஓமலூர் மாணவர் கோகுல்ராஜ் கொலையில், முக்கியச் சாட்சியே பிறழ்ந்த பிறகும், அவருடைய தாய் போராடி வழக்கை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்ற வைத்தார். 2022இல் முதல் குற்றவாளிக்குச் சாகும்வரை சிறை என்று தீர்ப்பு வந்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கயிறு இல்லாமலே அந்தத் தாய்க்கு ஒரு நீதி கிடைத்தது. நாளைக்குப் புதிதாக ஓர் உண்மை வெளியே வந்தாலும் கேட்க ஆள் இருக்கிறார்.

‘உன் வீட்டில் நடந்தால் இப்படிப் பேசுவாயா?’ என்று நிச்சயம் ஒருவர் எழுதுவார். என் வீட்டில் நடந்தால் நான் என்ன கேட்பேன் என்று எனக்குத் தெரியாது. ஒரு முறை, செத்தவர் தனக்குத் தெரிந்தவர் என்பதால் ஒரு நீதிபதி அந்தக் கட்டைக் கையால்கூடத் தொடாமல் வேறு கோர்ட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். பாதிக்கப்பட்டவரின் கோபத்தை மதிக்க வேண்டும். தண்டனையை அளக்கிற கை அதுவாக இருக்கக் கூடாது என்று தெரிந்துதான் சட்டம் அப்படி வைத்திருக்கிறது. தீவிரவாதக் குற்றங்களைத் தவிர மற்றவற்றுக்குத் தூக்கை எடுத்துவிடலாம் என்று சட்ட ஆணையம் 2015இல் தன் 262ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. என்னைக் கேட்டால் அந்த விதிவிலக்கும் வேண்டாம். அரைப் பக்கம் எல்லா வழக்கிலும் அரைப் பக்கம்தான்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி எங்காவது தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டால், கொலை நடந்த விதத்தை எழுதுகிற அதே செய்தியில் தண்டனை குறித்து எதிரி என்ன சொன்னார், அவரைப் பற்றி நீதிமன்றத்தின் முன் என்ன அறிக்கை இருந்தது, செத்தவர் குடும்பத்துக்கு எவ்வளவு இழப்பீடு பரிந்துரைக்கப்பட்டது என்பதையும் உங்கள் நிருபர்களைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். தீர்ப்பின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். நகல் வாங்கினால் புரட்ட ஐந்து நிமிடம் ஆகாது. அறிக்கை எதுவும் வாங்கவில்லை என்றால், வாங்கவில்லை என்றே போடுங்கள்.

என்னோடு வேலை பார்த்தவர்கள் பலர் இன்னும் பணியில் இருப்பதால் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றச் சுருக்கெழுத்துத் தட்டச்சர்,
அஸ்தம்பட்டி, சேலம்.